முடிவு தெரிந்த ஆட்டம்

“முடிவு தெரிந்த பழைய பேஸ்பால் ஆட்டத்தை யூடியூபில் மணிக்கணக்காக ஏன் பார்க்கிறீர்கள்?” என்று கேட்கிறீர்கள். முடிவு தெரிந்திருப்பதால்தான் பதற்றமில்லாமல் மற்றதையெல்லாம் கவனிக்க முடிகிறது.

அமெரிக்காவின் 1988 வேர்ல்ட் சீரிஸ், முதல் ஆட்டம். ஓக்லாந்து 4-3 என முன்னிலை. கடைசி இன்னிங்ஸில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுக்கு இரண்டு பேர் அவுட். தளத்தில் ஒருவர் நிற்கிறார். இரு கால்களிலும் காயத்தோடு கிர்க் கிப்சன் நொண்டியபடி மட்டை பிடிக்க வருகிறார். ஹோம் ரன்! 5-4, டாட்ஜர்ஸ் வெற்றி.

அரை நிமிடத் துணுக்கில் அந்த அடி மட்டும்தான் இருக்கும். முழு ஒளிபரப்பைப் பார்த்தால்தான், அதுவரை அவர் களமிறங்காததும், ஒவ்வொரு வீச்சிலும் அவர் படும் வேதனையும் புரியும். பந்து வேலியைத் தாண்டியதும் வர்ணனையாளர் வின் ஸ்கல்லி ஏறக்குறைய ஒரு நிமிடம் பேசவே இல்லை. கூட்டத்தின் ஆரவாரத்தை நம்மைக் கேட்க விட்டார்.

வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதியவர்களுக்கு நான் முழு மதிப்பெண் போட்டதில்லை, நினைவிருக்கிறதா? ஆட்டத்துக்கும் அதே கணக்குதான். இந்த ஞாயிறு ஒரு பழைய ஆட்டத்தை ஓட்டிவிடாமல் முழுதாகப் பாருங்கள்.