நோராவின் கைப்பை

புருஷனோடு மனஸ்தாபம் கொண்டு வாசற்படி இறங்கும் பெண்ணை எத்தனையோ கதைகளில் பார்த்திருக்கிறோம். கதவு 'படார்' என்று சாத்தப்படும், கதையும் முடிந்துவிடும். மறுநாள் சாப்பாட்டுக்கு அவள் என்ன செய்தாள் என்று ஆசிரியர் சொல்வதில்லை.

அதைக் கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் சீன எழுத்தாளர் லூ சுன். 1923 டிசம்பர் 26-ந் தேதி பீகிங்கில் பெண்கள் ஆசிரியக் கல்லூரி ஒன்றில் பிரசங்கம் செய்தார். 'நோரா வீட்டை விட்டுப் போன பிறகு என்ன ஆயிற்று?' என்பது விஷயம்.

நார்வே நாட்டு இப்ஸன் 1879-ல் எழுதிய 'பொம்மை வீடு' நாடகத்தின் கதாநாயகிதான் நோரா. கணவனுக்குத் தான் ஒரு விளையாட்டுப் பொம்மை என்று உணர்ந்து வெளியேறுகிறாள். 1918-ல் அந்த நாடகம் சீன மொழியில் வந்ததும், பெற்றோர் நிச்சயித்த கல்யாணத்தை வெறுத்த படித்த பெண்களுக்கு அவள் ஆதர்சமானாள்.

நோராவைப் புகழ்ந்திருந்தால் நல்ல கைதட்டல் கிடைத்திருக்கும். லூ சுன் அதைச் செய்யவில்லை. அவள் கெட்டுப் போவாள், இல்லையேல் திரும்பி வருவாள். அதுவுமில்லாவிட்டால் பட்டினி என்றார். மனம் விழித்துக்கொண்டது சரி, கைப்பையில் என்ன இருக்கிறது? எதிரே இருந்த மாணவிகளின் கம்பளி மப்ளரைக் காட்டி, அது எத்தனை அகலமாக இருந்தாலும் பிரயோசனமில்லை, பணம் வேண்டும் என்றார்!

சரி, பணத்துக்கு வழி? பெற்றோருக்கு உள்ள அதிகாரத்தைக் கொண்டே சொத்தைப் பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கலாமே என்றார். ஆனால் ஓட்டுரிமை கேட்பதைவிட இது கடினமான போராட்டம் என்றும் எச்சரித்தார்.

இதைச் சொன்னவர் வீட்டிலேயே ஒரு சோகம் இருந்தது. 1906-ல் தாயார் முடித்து வைத்த மனைவி சூ ஆன், அவர் மனத்தில் இடம் பெறாமலே அவர் கொடுத்த பணத்தில் காலம் தள்ளினாள். அவர் 1936-ல் மறைந்தார். அந்த அம்மாள் 1947-ல் வறுமையில் கண்ணை மூடினாள். வீட்டை விட்டுப் போகவே வழியில்லாத நோரா!

1950-ல் வந்த கல்யாணச் சட்டம், குடும்பச் சொத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் சம உரிமை என்றது. அதோடு தீர்ந்ததா? 2011-ல் சீன உச்ச நீதிமன்றம் ஒரு விளக்கம் கொடுத்தது. கல்யாணமான பிறகு ஒரு தரப்புப் பெற்றோர் வாங்கித் தங்கள் பிள்ளை பெயரில் பதிவு செய்த வீடு, விவாகரத்தானால் அந்தப் பிள்ளைக்கே சொந்தமாம்! வழக்கமாக வீடு வாங்குவது மாப்பிள்ளை வீட்டார். மேஜை நாற்காலியும் அலங்காரச் செலவும் பெண் வீட்டாருடையது. மேஜை நாற்காலி பழசாகிவிடும். வீட்டின் விலையோ ஏறும். பெண்கள் கொதித்ததில் ஆச்சரியம் என்ன? அந்த விதி பின்னால் மாறியது. ஆனாலும் லூ சுன் கேட்ட கேள்வி பழசாகவில்லை.

நாமும் ஒரு காரியம் செய்யலாமே. இன்று மத்தியானம் சமையல் வேலை ஒழிந்ததும், வீட்டுப் பத்திரத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். சண்டைக்கு அல்ல, சும்மா தெரிந்துகொள்ளத்தான். அதில் உங்கள் பெயர் இருக்கிறதா?