ஆர்.எக்ஸ். 100-க்கு சேம்பர் போடப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

பி.காம். படிக்கிற பையனுக்கு சைலன்சர் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு: சத்தியமங்கலத்தில் வளர்ந்தவனுக்கு டூ-ஸ்ட்ரோக் தெரியாமல் இருக்க வழியே இல்லை. வாழைத்தாரும் மல்லிகைப்பூ மூட்டையும் டி.வி.எஸ். வண்டியில் சந்தைக்குப் போகிற ஊருங்க இது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். யமஹா ஆர்.எக்ஸ். 100 நம் நாட்டில் 1985-லிருந்து 1996 வரைதான் தயாரானது. 98 சி.சி., 11 குதிரைத்திறன். அது நின்ற பிறகு பிறந்தவர்கள்தான் இன்று அதற்காக உயிரை விடுகிறோம். கல்லூரி வாசலில் ஒரு ஆர்.எக்ஸ். வந்து நின்றால் பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள். முதல் கேள்வியே "சேம்பர் போட்டாச்சா மாப்ள?" என்பதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த வரையில், சேம்பர் என்ற பெயரில் மாட்டப்படும் பல குழாய்கள் சேம்பரே கிடையாது. அவை சத்தம் போடும் தகரம். நிஜமான எக்ஸ்பான்ஷன் சேம்பர் ஒரு கணக்கு. அந்தக் கணக்கைப் போடாமல் காசைப் போடுவது வீண்.

இந்த மாதிரி டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் புகை ஓட்டையை மூட வால்வு கிடையாது. புகை வெளியே போகிற ஓட்டையும் புது பெட்ரோல் கலவை உள்ளே வருகிற ஓட்டையும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். அதனால் புதுக் கலவையில் ஒரு பகுதி எரியாமலே வெளியே ஓடிவிடும். இந்த ஓட்டைப் பானையை மூடுவதற்குத்தான் சேம்பர். புகைப் போர்ட் திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய் வழியே ஓடுகிறது. குழாய் அகலமாகிற முன் கோனில் அது பட்டதும் ஓர் உறிஞ்சும் அலை திரும்பி வந்து மிச்சப் புகையை இழுத்துக்கொள்கிறது. கூடவே கொஞ்சம் புதுக் கலவையும் குழாய்க்குள் வந்துவிடும். பின்னால் குறுகுகிற கோனில் முட்டிய அலை தள்ளும் அலையாகத் திரும்பி, அந்தக் கலவையைப் போர்ட் மூடுவதற்குச் சற்று முன் சிலிண்டருக்குள்ளேயே திணித்துவிடும். கதவை மூடும் முன் ஆட்டைப் பட்டிக்குள் விரட்டி விடுவது மாதிரி.

இதில் எல்லாமே நேரம்தான். ஒரு சின்னக் கணக்குப் போடலாம். போர்ட் 180 டிகிரி திறந்திருக்கிறது, என்ஜின் 9000 ஆர்.பி.எம்.-ல் சுற்றுகிறது என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு 6.67 மில்லி விநாடி, அதில் பாதி 3.33. சூடான புகைக்குள் அலை விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் போகும். ஆக மொத்தம் 1.67 மீட்டர். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் அதில் பாதி. பிஸ்டன் முகத்திலிருந்து பின் கோனின் நடுப்பகுதி வரை தோராயமாக 83 சென்டிமீட்டர்.

இப்போது அதே குழாயோடு 6000 ஆர்.பி.எம்.-ல் ஓட்டுங்கள். போர்ட் 5 மில்லி விநாடி திறந்திருக்கும், அலையோ 3.33-லேயே திரும்பி வந்துவிடும். சீக்கிரமே வந்து குழப்பிவிட்டுப் போன பிறகும் கதவு திறந்தே கிடக்கிறது. ஆடு திரும்ப ஓடிவிடும்.

நம்ம பசங்க எதற்காக சேம்பர் போடுகிறார்கள்? திம்பம் ஏறத்தான். 27 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைந்து, என்ஜின் கீழ் சுற்றிலிருந்து மறுபடி ஏற வேண்டும். அங்கே 9000-க்கு வடிவமைத்த ரேஸ் குழாய் இழுக்கவே இழுக்காது. கம்பெனி சைலன்சர் முந்திப் போய்விடும். அந்த சைலன்சருக்குள்ளும் இதே அலைக்கணக்கு சாலைக்கு ஏற்றபடி மிதமாகப் போடப்பட்டிருக்கிறது. வண்டி இழுக்கவில்லை என்றால் பல நேரம் உள்ளே கார்பன் அடைத்திருக்கும். காஸ்டிக் சோடா போட்டுக் கழுவி மாட்டினாலே போன பிக்கப் திரும்பும்.

இந்தக் கணக்கு லேசில் வந்ததும் இல்லை. கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். நிறுவனத்தின் வால்டர் காடென் 1950-களில் வசதியே இல்லாத பட்டறையில் உட்கார்ந்து இதை வளர்த்தெடுத்தார். 1961-ல் அவருடைய 125 சி.சி. ரேஸ் என்ஜின் 25 குதிரைத்திறன் தந்தது. அதே ஆண்டு அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தின்போது மேற்குக்குத் தப்பி, சுசுகியில் சேர்ந்தார். 1962-ல் சுசுகி 50 சி.சி. உலகப் பட்டம் வென்றது, ஓட்டியவரும் டெக்னரே. ஒரு குழாயின் ரகசியத்துக்கு இவ்வளவு மதிப்பு!

நம்மால் முடியாதா என்றால், கட்டாயம் முடியும். லேத்தும் வெல்டிங்கும் ரோலிங் மெஷினும் கோயம்புத்தூரில் கிடைக்காவிட்டால் வேறெங்கே கிடைக்கும்? ஒவ்வொரு கோனும் பத்தாம் வகுப்பு அளவியலில் படித்த கூம்பின் இடைக்கண்டம்தான். விசிறி மாதிரி தகட்டில் வெட்டி, சுருட்டி, பற்றவைக்க வேண்டியதுதான். கோனின் சரிவு கூடினால் இழுவை வலுக்கும், ஆனால் பவர் கிடைக்கிற ஆர்.பி.எம். எல்லை குறுகிவிடும். கடைசியில் இருக்கும் ஒல்லிக் குழாயை அளவுக்கு மீறிச் சின்னதாக வைத்தால் என்ஜின் சூடேறி பிஸ்டன் ஓட்டையாகும். ஜெட் மாற்றாமல் குழாயை மட்டும் மாற்றினாலும் அதே ஆபத்துதான். ஆகவே சேம்பரின் விலை குழாயின் விலை மட்டும் இல்லை. ஜெட், பிளக் பார்த்து டியூனிங், கூடுதல் பெட்ரோல் எல்லாவற்றையும் பற்று வைத்துவிட்டுத்தான் லாபம் பார்க்க வேண்டும்.

இனி சத்தம். அந்த ஒல்லிக் குழாயின் முனையில் சின்ன சைலன்சர் மாட்டினால் பவர் பெரிதாகக் குறையாது. ரேஸ் வண்டிகளிலேயே மாட்டுகிறார்கள். ஆகவே சத்தம்தான் சக்தி என்பது சுத்தப் பொய். வேடிக்கை என்னவென்றால், சைலன்சர் பற்றிய மத்திய மோட்டார் வாகன விதி 120-லேயே எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்ற சொல் வருகிறது, சத்தத்தைக் குறைக்கும் வழியாக! ஒலி, புகை வரம்பை மீறி ஓட்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம், லைசென்சும் மூன்று மாதம் போகும்.

போலீஸை விடுங்க. பண்ணாரி தாண்டினால் அது புலிகள் காப்பகம், 2013-ல் அறிவித்தது. யானையும் மற்ற விலங்குகளும் அடிபட்டுச் சாகக் கூடாது என்றுதான் 2022-லிருந்து அந்த மலைப்பாதையில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவுப் போக்குவரத்துக்கே கட்டுப்பாடு. பகலில் நாம் போய் அந்தக் காட்டை அலற விடுவது எந்த வகையில் வீரம்? அந்தச் சத்தத்துக்கான செலவை வண்டிக்காரன் கொடுப்பதில்லை. காடும், சாலையோரத்து வீட்டுக் குழந்தையும்தான் கொடுக்கிறார்கள். எங்கள் பாடத்தில் இதற்குப் புறவிளைவு என்று பெயர்.

ரேஸ் ஆசை நிஜம் என்றால் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 9000 ஆர்.பி.எம்.-க்கு அர்த்தம் இருக்கிற இடம் அது. சாலைக்குக் கம்பெனி சைலன்சர் போதும். சேம்பர் போட்டாலும் அதைக் கழற்றிப் பழைய இரும்புக்கு எடை போட்டுவிடாதீர்கள், ஒரிஜினல் இனி வராது.

எல்லாவற்றையும் மீறிப் போட்டே தீருவேன் என்றால், பட்டறையில் ஒரே கேள்வி கேளுங்கள்: "அண்ணா, இது எத்தனை ஆர்.பி.எம்.-க்குக் கணக்குப் போட்டதுங்க?" பதில் வந்தால் காசு கொடுங்கள். "சவுண்டு சும்மா அதிரும் தம்பி" என்று வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.