கூரை தெரிகிறது, மனை தெரியவில்லை

பசிபிக் தீவுகள் என்றதும் நம் கண்முன் வருவது தென்னை மரமும் ஓலை வீடும் கவலையில்லாத மக்களும்தான். இந்தப் படத்தை உலகுக்குக் கொடுத்தவர்கள் அந்தத் தீவு மக்கள் அல்ல. ஓவியர் பால் கோகன் 1891இல் தாஹிட்டியில் போய் இறங்கியபோது, அந்தத் தீவு பிரான்சின் காலனியாகி 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய ஓவியங்களைப் பார்த்து நாம் அதைத் தெரிந்துகொள்ள முடியாது.

நம் மக்களையும் இப்படித்தான் பார்த்தார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மனிதர்களை நிறுத்தி வைத்து மூக்கையும் மண்டையையும் அளந்தார். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909இல் வந்த அவருடைய 7 தொகுதிகளில் படங்களும் உண்டு.

ஒரு குடிசையைப் படம் பிடித்தால் கூரை தெரியும், சுவர் தெரியும். அது நிற்கும் மனை யாருடையது என்று தெரியாது. கோகன் தாஹிட்டிக்குப் போன அதே 1891இல், செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கை அதைத்தான் பேசியது. பறையர்கள் குடியிருந்த மனைகூட மிராசுதார் பிடியில் இருந்தது. எதிர்த்துப் பேசினால் வீடு போய்விடும். 1892இல் வந்த பஞ்சமி நில ஆணைக்குப் பின்னால் இந்த அறிக்கை இருக்கிறது. நம் சென்னீர்குப்பமும் பூந்தமல்லியும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவைதான்.

அதற்காக, அதிகாரிகள் எழுதிவைத்ததே போதும் என்று நாம் இருந்துவிட முடியாது. மாவோரி அறிஞர் தே ரங்கி ஹீரோவா 1930இல் சமோவா மக்களைப் பற்றி வெளியிட்ட நூலில், அவர்கள் வீடு கட்டும் முறையை விரிவாகப் பதிவுசெய்தார். காட்சிப்பொருளாக அல்ல, அறிவாக, உழைப்பாக. இங்கே தர்ஸ்டனின் தொகுதிகள் வருவதற்கு 2 ஆண்டுகள் முன்பே, 1907இல், அயோத்திதாசப் பண்டிதர் இதழ் தொடங்கி, நம் வரலாற்றை நாமே எழுதும் வழியைக் காட்டிவிட்டார்.

மாணவத் தோழர்களே, இன்று நம் எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. சேரியில் மிச்சமிருக்கும் கூரை வீட்டையும் ஓட்டு வீட்டையும் படம் எடுப்போம். ஆனால் படத்தோடு நிற்க வேண்டாம். அந்த மனையின் சர்வே எண் என்ன, பட்டா யார் பெயரில் இருக்கிறது, இல்லையென்றால் ஏன் இல்லை என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுவோம். நிலத்தின் விலை ஏறும் இடத்தில், காகிதம் இல்லாதவர்கள்தான் முதலில் விரட்டப்படுகிறார்கள். அழகான படம் அன்றைக்கு நமக்காகப் பேசாது. சர்வே எண் பேசும்.

ஜெய்பீம்!