கடைசி அசையிலதான் மேட்டரே!

மணலூர்பேட்டைத் தோழி ஒருத்தர் கேட்டிருக்காங்க: ‘‘பாண்டிச்சேரியில ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறேன். பிரெஞ்ச் எழுதினா மார்க் வருது. வாயைத் திறந்தா கிளாஸே சிரிக்குது. எங்கே பிரிக்கணும், எங்கே அழுத்தணும்னு புரியலை. டெல்ஃப் பரீட்சையில பேச்சை விட்டுட்டு மத்ததுல தேறிட முடியாதா?’’

முடியாது தோழி! டெல்ஃப்ல நாலு பகுதி, ஒவ்வொண்ணுக்கும் 25 மார்க். மொத்தத்துல 50 வேணும். எந்தப் பகுதியிலயும் 5-க்குக் கீழே போகக் கூடாது. பேச்சும் அதுல ஒண்ணு.

ஆனா பயப்படாதீங்க, பாதிப் பாடம் உங்க ஊர்ப் பேருலயே இருக்கு. மணல் + ஊர் = மணலூர். ‘ல்’ நகர்ந்துபோய் ‘ஊ’வோட ஒட்டிக்குது. ம-ண-லூர்னுதான் சொல்றோம். பிரெஞ்சும் இப்படித்தான். ரெண்டு உயிருக்கு நடுவுல ஒரு மெய் வந்தா, அது அடுத்த உயிரோட சேரும்: பா-ரி, அ-மி. ‘லே’யோட ‘அமி’ சேர்ந்தா லே-ஸ-மி. அதுவரை ஊமையா இருந்த ‘எஸ்’, உயிரைப் பார்த்ததும் வண்டு மாதிரி ரீங்காரம் போடும்!

ரெண்டு மெய் வந்தா பிரிச்சிடுங்க: மெர்-சி. ரெண்டாவது எல், ஆர்னா பெரும்பாலும் பிரிக்காதீங்க. நாம மத்-ராஸ்னு சொல்றதை அவங்க ம-த்ராஸ்னு சொல்வாங்க.

அடுத்து அழுத்தம். இங்கிலீஷ்ல ‘ரெக்கார்ட்’ங்கிற வார்த்தையில முன்னால அழுத்தினா பெயர்ச்சொல், பின்னால அழுத்தினா வினைச்சொல். பிரெஞ்சுல, நம்ம தமிழ் மாதிரியே, அழுத்தத்தால அர்த்தம் மாறாது. இடமும் ஒண்ணுதான், கடைசி அசை. இங்கிலீஷ்காரர் பாண்டிச்சேரியில ‘செ’வை அழுத்துவார். பிரெஞ்சுக்காரர் போன்-தி-ஷே-ரின்னு ‘ரி’யைக் கொஞ்சம் நீட்டுவார். கண்டக்டர் ‘திருக்கோயிலூ...ர்’னு இழுக்கிறாரே, அதுல கால்வாசி போதும்.

ரெண்டு இடத்துல உஷார். ஒண்ணு, ‘மதாம்’ கடைசியில எழுதற ‘ஈ’ எழுத்து காதுல விழாது; அழுத்தம் ‘தாம்’லதான். ரெண்டு, வார்த்தைகள் சேர்ந்து வந்தா, அந்தக் கூட்டத்தோட கடைசி அசைக்கு மட்டும்தான் மரியாதை. ‘போன்திஷேரி’யோட நாளைக்குன்னு ‘தமேன்’ சேர்த்தா, ‘ரி’ சாதாரணமாயிடும், ‘மேன்’ நீளும். கிளாஸ்ல சிரிப்பு வர்றது, ஒவ்வொரு வார்த்தையையும் இங்கிலீஷ் மாதிரி குத்திப் படிக்கிறதாலகூட இருக்கலாம்.

இந்த வாரம் பீச் பக்கம் போனா, கூபேர் அவென்யூ போர்டை சத்தமா படிங்க. கூ-பேர். கடைசி ‘டி’ ஊமை, ‘பேர்’ல லேசா ஒரு இழுப்பு. பத்து தடவை சொல்லிட்டு அப்புறம் கிளாஸுக்குப் போங்க!