கிண்ணம் நான்கு, ஆடுகளம் எங்கே?

ஒப்பந்தக் கடப்பாடுகளை நிறைவேற்றவில்லை என்று காரணம் காட்டி, ஜப்னா கிங்ஸ், கொழும்பு ஸ்ட்ரைக்கர்ஸ் ஆகிய இரு அணிகளின் உரிமங்களை லங்கா பிரீமியர் லீக் 2025இல் முடிவுறுத்தியது. யாழ்ப்பாணத்துக்கு அநீதி இழைத்துவிட்டார்கள் என்று இவ்விதழும் எழுதும் எனப் பலர் எதிர்பார்க்கிறார்கள். எழுதப்போவதில்லை. உரிமையாளருக்கும் லீக்குக்கும் உள்ள கணக்கை அவர்களே தீர்க்கட்டும்.

கிண்ணங்களை எண்ணினால் நமக்குக் கிட்ட எவரும் இல்லை. 2020, 2021, 2022, 2024 என ஐந்து தொடர்களில் நான்கு. காலி மூன்று இறுதியாட்டங்களில் நம்மிடம் தோற்றது. கண்டிக்கு 2023 மட்டும். கொழும்பும் தம்புள்ளையும் ஒவ்வொரு தடவை இறுதியாட்டம் வரை வந்தன. ஆனால் இதை வைத்துப் பிராந்தியங்களை ஒப்பிட முடியாது. அந்த ஐந்து தொடர்களில் ஓர் ஆட்டம்கூடக் குடாநாட்டில் நடக்கவில்லை. 2024 இறுதியாட்டத்தில் சதமடித்த ரைலி ரூசோ தென்னாபிரிக்கர். ஒரு பிராந்தியத்தின் பலம் அது வளர்த்துவிட்ட ஆட்டக்காரரில்தான் தெரியும். அந்தப் பட்டியல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்தில் தொடங்கி வெகு சீக்கிரம் முடிந்துவிடுகிறது. 2020இல் யாழ்ப்பாண அணிக்கு ஆடியவர், 2024இல் ஐ.பி.எல். வரை போனார். அவருக்குப் பின்னால் ஏன் வரிசை இல்லை?

பயிற்றுநர்களுக்கு விடை தெரியும். நம் பாடசாலைகளின் மெற்றிங் விரிப்பு ஆடுகளத்தில் வளரும் பிள்ளை, பந்து எழும்பும் என்று நம்பிப் பின்காலில் ஆடப் பழகுகிறான். கொழும்பில் தெரிவுக்குப் போனால் பந்து தாழ்ந்து வருகிறது; எல்.பி.டபிள்யூ. ஆகித் திரும்புகிறான். வேகப்பந்து வீசுபவன் ஸ்பைக் சப்பாத்துப் போட்டு ஓடிப் பழகியதே இல்லை. நுட்பம் போதாது என்று தெரிவாளர்கள் எழுதிவிடுகிறார்கள். புற்றரை ஆடுகளமும் ரோலரும் மழைமூடியும் பராமரிப்பாளருக்குச் சம்பளமும் கொடுக்காதவர்களுக்குப் பிள்ளையின் நுட்பத்தைக் குறை சொல்ல என்ன உரிமை? 1904 முதல் வடக்கின் பெருஞ்சமர் என்ற பாடசாலைக் கிரிக்கெட் ஆட்டத்தை ஆடிவரும் மண் இது. மன்னார் முருங்கன் களிமண் தெற்கின் ஆடுகளங்களுக்குப் போகிறது. அதைத் தெற்கே ஏற்ற வழி கண்ட கிரிக்கெட் நிர்வாகத்துக்கு, இத்தனை ஆண்டுகளாக நம் பாடசாலை மைதானங்களுக்குக் கொண்டுவர வழி தெரியவில்லை. கேட்டபோதெல்லாம் நிதி இல்லை என்றார்கள்.

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கான பணியை ஜனாதிபதி தொடக்கிவைத்தார். நல்லது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை பின்னேரம் வலைப்பயிற்சி எடுக்கப்போவது அங்கே அல்ல, தன் பாடசாலையில்.

ஆகவே யாழ்ப்பாணப் பெயரில் இனி எழுதப்படும் எந்த உரிமத்திலும், ஆண்டுக்கு ஒரு பாடசாலையில் புற்றரை ஆடுகளம், அதற்குப் பராமரிப்பாளர் சம்பளத்துடன், என்ற நிபந்தனை இருக்கவேண்டும். பதினொருவரில் குறைந்தது இருவர் இம்மாவட்டத்தவராக இருக்கவேண்டும். இவை இல்லாத ஒப்பந்தத்துக்கு நம் மாவட்டச் சங்கம் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவிக்கவேண்டும்.