கால்விரல் கற்றுத் தந்த பாடம்

சென்ற இதழில் வெங்காய வடகம் போடுவது பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை சமையலறையை விட்டு வெளியே வருகிறேன். என் வீட்டுக்காரரின் கால்விரலைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். அந்த ஒரு விரல் எங்கள் வீட்டை ஒரு மாதம் ஆட்டி வைத்துவிட்டது.

கோவையில் பம்பு தயாரிக்கும் பட்டறை ஒன்றில் அவருக்கு வேலை. கால்விரல் பக்கம் உள்ளே இரும்புத் தகடு வைத்த பூட்ஸ் கொடுத்திருக்கிறார்கள். போன ஐப்பசியில் அந்த பூட்ஸ் ஒரே நாற்றம். வாசலில் வைத்தால் கூடம் வரை மணக்கிறது! திங்கட்கிழமை சாயந்திரம் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். ராத்திரி பிடித்த மழை விடியும் வரை விடவில்லை. காலையில் பூட்ஸ் சொதசொதவென்று இருந்தது. "ஒரு நாள்தானே, பரவாயில்லை" என்று ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயந்திரம் நொண்டிக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. வழியில கல்லு தடுக்கிடுச்சு."

வலது காலில் கட்டைவிரல் நகம் கறுத்து, ஓரத்தில் ரத்தம் கட்டியிருந்தது. அடுத்த விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. என் மாமியார் உடனே, "அம்மிணி, உப்பை வறுத்துத் துணியில கட்டி ஒத்தடம் குடு. அப்புறம் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் பத்துப் போட்டுடலாம்" என்றார். நானும் வாணலியை அடுப்பில் வைத்தேன். அவருக்கு அஞ்சு வருஷமாகச் சர்க்கரை. சூடு அதிகமானாலும் காலில் உறைக்காதே என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. நல்லவேளையாக, "எதுவும் வேண்டாம், தூங்கினாப் போதும்" என்று படுத்துவிட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவரோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன் செய்தார். "அக்கா, அண்ணனுக்குக் கால் எப்படியிருக்குங்க? அந்தக் காஸ்டிங் நாலு கிலோ இருக்குமுங்க. மேஜையில இருந்து நேரா கால் மேலயே விழுந்துடுச்சு."

போனை வைத்துவிட்டு அவரிடம் போய் நின்றேன். "கல்லு தடுக்குச்சுன்னீங்களே?" அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பூட்ஸ் ஈரமா இருந்ததாலதான் அடிபட்டுச்சுன்னு சொல்லியிருந்தா நீ ராத்திரி தூங்கியிருப்பியா?" என்றார்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. நான் மனசு நோகக் கூடாது என்று அவர் சொன்ன பொய், ஆனால் அது எவ்வளவு ஆபத்தான பொய் என்று பிறகுதான் தெரிந்தது. பட்டறையிலும், "சின்ன அடிதானே, எதுக்குப் பதிவேட்டில எழுதணும்" என்று மேஸ்திரி சொன்னாராம். இவரும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

என் தம்பி ஆலைத் தொழிலாளி. விவரம் தெரிந்தவன். "அக்கா, முதல்ல மாமாவைக் கூட்டிப் போய் விபத்துப் பதிவேட்டில எழுத வை. அப்புறம் இ.எஸ்.ஐ.க்குப் போ. எங்கே, எப்ப, எப்படி அடிபட்டுதுன்னு டாக்டர்கிட்டயும் உள்ளதை உள்ளபடி சொல்லணும்" என்றான். ஆட்டோ பிடித்து முதலில் பட்டறைக்கே போனோம். எழுதினார்கள். கேட்டால் எழுதத்தான் செய்கிறார்கள். கேட்க நமக்குத்தான் கூச்சம்.

இ.எஸ்.ஐ. திட்டம் 1952-இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கி, 1955-இல் நம் கோவைக்கு வந்தது. இத்தனை வருஷமாக அவர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தும் அதன் விவரம் எனக்குத் தெரியாது. சாதாரணக் காய்ச்சல், வயிற்றுவலி என்று டாக்டர் சான்றிதழோடு லீவு போட்டால் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வேலையில் ஏற்பட்ட விபத்து என்றால் 90 சதவீதம். அடிபட்ட நாளைச் சேர்க்காமல் குறைந்தது 3 நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருக்க வேண்டும். கல் தடுக்கியது என்ற கதையையே டாக்டரிடமும் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மளிகைக் கடன், பையனின் பீஸ் எல்லாம் கண் முன்னால் வந்து போயின.

எக்ஸ்ரேயில் இரண்டாவது விரலில் மயிரிழை போல ஒரு விரிசல். டாக்டரம்மா விரல்களுக்கு நடுவில் பஞ்சுத்துணி வைத்து, அடிபட்ட விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டுப்போட்டார். நகத்தோரம் காயம் இருந்ததால் டெட்டனஸ் ஊசியும் போட்டார். உப்பு ஒத்தடம் கொடுக்கப் பார்த்ததைச் சொன்னேன். "நல்லவேளை கொடுக்கலை. அடிபட்ட முதல் இரண்டு நாள் சூடே ஆகாது, வீக்கம் கூடும். சர்க்கரைக்காரங்க காலில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. நீவி விடுவதும் கூடாது. காயத்தில் சுண்ணாம்பு, காபிப்பொடி எதுவும் வைக்காதீங்க" என்றார்.

வீட்டில் நாங்கள் செய்ததை எழுதுகிறேன். யாருக்காவது உதவும்.

முதல் இரண்டு நாள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம் மட்டும் வைத்தேன். நேரடியாகத் தோலில் வைக்கவில்லை. படுக்கும்போது காலுக்கடியில் இரண்டு தலையணை. கால் நெஞ்சை விட உயரத்தில் இருந்தால் வீக்கம் சீக்கிரம் வடிகிறது. குளிக்கும்போது பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்து, காலில் பாலிதீன் பையைக் கட்டிவிட்டேன். தினமும் காலையில் வெளிச்சத்தில் இரண்டு பாதங்களையும் பார்த்தேன். சிவப்பு கூடுகிறதா, சுடுகிறதா, சீழ் இருக்கிறதா, காய்ச்சல் உண்டா என்று கவனிப்பேன். இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கடவுள் புண்ணியத்தில் எதுவும் வரவில்லை.

சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அவருக்குப் பெரிய வியாதி. இரண்டாம் வாரம், "ஏதாச்சும் வேலை குடு" என்றார். சின்ன வெங்காயத்தைக் கொடுத்தேன். ஒரு கிலோ உரித்துவிட்டு, "தினமும் நீ இதைத்தான் பண்றியா?" என்று கேட்டாரே பார்க்கலாம்! பதினெட்டு வருஷத்தில் கேட்காத கேள்வி.

நாலு வாரம் கழித்து, டாக்டர் சான்றிதழோடு வேலைக்குப் போனார். பணமும் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது.

இப்போது பூட்ஸைச் சனிக்கிழமை சாயந்திரம் மட்டுமே கழுவுகிறேன். உள்ளே இருக்கும் அட்டையைத் தனியே எடுத்துவிட்டு, பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, கூரைக்கடியில் காற்றாடும் இடத்தில் வைக்கிறேன். தாள் நனைந்ததும் மாற்றுகிறேன். திங்கள் காலைக்குள் காய்ந்துவிடும். காயாவிட்டால் அன்று லீவு, ரப்பர் செருப்பு கிடையாது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம்.

கட்டைவிரலில் கறுத்த நகம் மெள்ள நகர்ந்துகொண்டிருக்கிறது. முழுதாக மாற ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்கூட ஆகுமாம். தினம் கால் துடைத்துவிடும்போது அதைப் பார்க்கிறேன். "இனிமே கல்லு தடுக்குமா?" என்று கேட்பேன். "தடுக்காது தாயே" என்பார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டவரும் நொண்டிக்கொண்டு வந்து "ஒண்ணுமில்லை" என்றால், விடாதீர்கள். உட்கார வைத்து, கோபப்படாமல், ஒரு டம்ளர் காபி கொடுத்துவிட்டுக் கேளுங்கள். உண்மை வரும்.