மலைக்கோட்டையின் வயதைச் சொல்லும் முன்

திருச்சி மலைக்கோட்டைக்கு 380 கோடி வயது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. சுற்றுலாக் குறிப்புகள் சொல்கின்றன, பத்திரிகைக் கட்டுரைகள் சொல்கின்றன, அடிவாரத்தில் வழிகாட்டிகள் சொல்கிறார்கள். இமயமலையைவிடப் பழையது, கிரீன்லாந்துப் பாறைகளுக்கு நிகரானது என்ற வாசகமும் கூடவே வரும். இந்த எண்ணோடு வராதவை நான்கு: எந்தக் கனிமத்தில் அளந்தார்கள், எந்த முறையில் அளந்தார்கள், மாதிரியை எங்கே எடுத்தார்கள், பிழை வரம்பு எவ்வளவு. இவை நான்கும் இல்லாத எண்ணை நிலவியல் படித்தவர்கள் வயது என்று ஏற்கக் கூடாது. ஆனால் ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறோம். வகுப்பில் மாணவர் கேட்டால் தலையசைக்கிறோம், கல்லூரி விழா மலரில் அதே வரியை நாமே எழுதவும் செய்கிறோம்.

இமயமலையைவிடப் பழையது என்பதில் பிழை ஏதும் இல்லை. இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. தமிழ்நாட்டில் கண்ணில் படும் கடினப் பாறை எல்லாமே அதைவிடப் பல மடங்கு பழையது. ஆகையால் அது மலைக்கோட்டைக்கு மட்டும் உரிய பெருமை ஆகாது. கிரீன்லாந்து ஒப்புமைதான் சிக்கல். 370 முதல் 380 கோடி என்பது அங்குள்ள இசுவா பகுதிப் பாறைகளுக்குப் பல ஆய்வுகள் அளந்து நிறுவிய எண். திருச்சிப் பாறைக்கு அதை ஒட்டவைக்க, குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் இரண்டிலும் உண்டு என்ற ஒற்றுமை போதாது. அந்த இரண்டு கனிமங்களும் உலகின் பாதிப் பாறைகளில் இருக்கின்றன.

மலைக்கோட்டையின் வயது என்று கேட்பவர் உண்மையில் பல கேள்விகளை ஒன்றாகக் கேட்கிறார். உருகிய குழம்பிலிருந்து மூலப்பாறை எப்போது இறுகியது? அந்தப் பாறை பூமியின் ஆழத்தில் மீண்டும் வெந்து நைஸ் (gneiss) என்ற உருமாறிய பாறையாக எப்போது ஆனது? மேலே மூடியிருந்த பல கிலோமீட்டர் கனப் பாறை அரித்துப் போய், 83 மீட்டர் உயரக் குன்றாக இது எப்போது தலைகாட்டியது? பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துச் சிற்பிகள் அதில் குடைவரை எடுத்தது எப்போது? கடைசிக் கேள்விக்குக் கல்வெட்டு இருக்கிறது: ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. மற்ற மூன்றுக்கும் விடை மூன்று வெவ்வேறு எண்கள். அவற்றுக்கு இடையே கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடக்கின்றன. ஒரே எண்ணைச் சொல்லி முடிப்பவர் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

எண்ணைவிட முறை முக்கியம் என்பதற்கு நமக்கு மிக அருகிலேயே ஒரு வரலாறு உண்டு. வகுப்பறைகளில் அது பேசப்படுவதே இல்லை.

ஆனந்த குமாரசுவாமியை நடராஜர் தத்துவத்தை உலகுக்குச் சொன்ன கலை அறிஞராகத்தான் பலரும் அறிவார்கள். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த சர் முத்து குமாரசுவாமியின் மகனான அவர், முதலில் ஒரு நிலவியலாளர். இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்கு முதல் இயக்குநர். லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தந்ததும் இலங்கை நிலவியலுக்குத்தான். இரத்தினக்கல் கிடைக்கும் சபரகமுவா பகுதியிலிருந்து வந்த கனமான கறுப்புப் படிகங்களை அவர் யுரேனினைட் என்று கருதினார். அவற்றை லண்டனில் ஆராய்ந்த விண்டம் டன்ஸ்டன், இது புதிய கனிமம் என்று 1904இல் அறிவித்தார். தோரியம் நிறைந்த அந்தக் கனிமத்துக்குத் தோரியனைட் என்று பெயர் வந்தது.

மூன்றே ஆண்டுகளில் அந்தக் கறுப்புக் கல் உலக வரலாற்றில் இடம் பிடித்தது. யுரேனியம் சிதைந்து கடைசியில் ஈயமாகிறது என்பதைக் கண்ட அமெரிக்க வேதியியலாளர் பெர்ட்ராம் போல்ட்வுட், 1907இல் பல கனிமங்களின் வயதைக் கணக்கிட்டு வெளியிட்டார். அந்தப் பட்டியலில் ஆக இளையது 41 கோடி ஆண்டு. ஆகப் பழையது இலங்கைத் தோரியனைட், 220 கோடி ஆண்டு. நான்கு ஆண்டு கழித்து, இருபத்தொரு வயது ஆர்தர் ஹோம்ஸ் லண்டனில் தன் பட்டியலை வெளியிட்டபோதும் அதில் மிகப் பழையது இலங்கைக் கல்தான்: 164 கோடி ஆண்டு.

அன்றைய உலகுக்கு இது எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆயர் அஷர் விவிலியத்தைக் கூட்டிக் கழித்து கி.மு. 4004 என்று முடிவு கட்டிய காலம் மலையேறியிருந்தது உண்மைதான். ஆனால் இயற்பியலின் பேரரசராக இருந்த கெல்வின், பூமி குளிர்ந்து வந்த வேகத்தை வைத்து 1862இல் 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடையே என்று வரம்பு கட்டி, பிறகு அதை 2 முதல் 4 கோடிக்குள் சுருக்கியிருந்தார். அந்தச் சுவரை உடைத்ததில் இலங்கைக் கல்லுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் அந்த 220 கோடியும் 164 கோடியும் தவறான எண்கள். தோரியமும் சிதைந்து ஈயமாகிறது என்பது அன்று உறுதியாகத் தெரியாது. ஐசோடோப் என்ற கருத்தே 1913இல்தான் வருகிறது. தோரியம் பெற்ற ஈயத்தையும் யுரேனியத்தின் கணக்கிலேயே எழுதியதால் வயது ஊதிப்போனது. இன்றைய ஐசோடோப் அளவீட்டில் இலங்கையின் தோரியனைட்டும் சிர்க்கான் என்ற இன்னொரு கனிமமும் 55 கோடி ஆண்டை ஒட்டி நிற்கின்றன. உலகின் மிகப் பழைய கல் என்று பெயர் வாங்கியது, பூமியின் 454 கோடி ஆண்டுக் கணக்கில் கடைசி எட்டில் ஒரு பங்குக்குள் வந்து சேர்ந்தது. போல்ட்வுட்டும் ஹோம்ஸும் எந்தக் கனிமம், எந்த விகிதம், எந்தக் கணக்கு என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். அதனால்தான் பிற்பாடு வந்தவர்கள் பிழை எங்கே என்று கண்டு திருத்த முடிந்தது. மலைக்கோட்டையின் 380 கோடியை அப்படித் திருத்தவும் வழியில்லை, ஏனெனில் பிடித்துக்கொள்ள அதில் எதுவுமே இல்லை.

காவிரிக்குத் தெற்கே, மதுரைக்கும் அப்பால் வரை பரந்து கிடக்கும் பாறைத் தொகுதியில் நிறைய அளவீடுகள் நடந்திருக்கின்றன. அவை பெரும்பாலும் சிர்க்கான் படிகத்தில் செய்தவை. ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கே இருக்கும் படிகம் அது. உருவாகும்போது யுரேனியத்தைத் தன் கட்டமைப்பில் ஏற்றுக்கொள்ளும், ஈயத்தை ஏற்காது. ஆகவே இன்று அதில் இருக்கும் ஈயம் ஏறக்குறைய முழுவதும் சிதைவால் வந்தது. அந்தப் படிகத்தை எலக்ட்ரான் கற்றையில் ஒளிரவைத்துப் பார்த்தால் நடுவே ஒரு கருவும் அதைச் சுற்றி வேறு நிறத்தில் ஒரு விளிம்பும் தெரியும். கருவை அளந்தால் ஓர் எண், விளிம்பை அளந்தால் இன்னோர் எண். இந்தத் தொகுதியின் வடபகுதியில் கருக்கள் 250 கோடி ஆண்டை ஒட்டியும், விளிம்புகள் 55 கோடியை ஒட்டியும் திரும்பத் திரும்ப வருகின்றன. இரண்டும் உண்மையான வயதுதான். முதலாவது மூலப்பாறை இறுகியது, இரண்டாவது கோண்டுவானா பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது அது ஆழத்தில் வெந்தது.

இடையிலும் நிகழ்வுகள் உண்டு. கரூர் மாவட்டத்துக் கடவூரில், மலைகள் வட்டமாகச் சூழ்ந்த அந்த அழகான பள்ளத்தாக்கில் உள்ள அனார்த்தசைட் என்ற பாறை ஏறத்தாழ 83 கோடி ஆண்டு பழையது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் அனார்த்தசைட்தான், ஆனால் அது 250 கோடியைத் தாண்டியது. சந்திரயான்-2 திட்டத்துக்கு நிலவு மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது இஸ்ரோ எடுத்தது இந்தச் சித்தம்பூண்டிக் கல்லைத்தான். ஒரே பெயர் கொண்ட இரண்டு பாறைகள், திருச்சியிலிருந்து இரண்டு மூன்று மணி நேரப் பயணத்துக்குள், வயதில் 160 கோடி ஆண்டுக்கு மேல் வித்தியாசம். பாறையின் தோற்றத்தைப் பார்த்து வயதைச் சொல்வோர் ஒருமுறை இரண்டு இடங்களுக்கும் போய் வருவது நல்லது.

மலைக்கோட்டையில் உள்ள தாயுமானவர் கோயிலின் தலபுராணத்தில் இந்த மலை எப்படி வந்தது என்பதற்குக் கதை உண்டு. ஆதிசேஷனுக்கும் வாயுவுக்கும் நடந்த போட்டியில் கயிலையிலிருந்து பெயர்ந்த மூன்று துண்டுகள் சிராப்பள்ளி, காளத்தி, திருகோணமலை என மூன்று தலங்களாயின என்பது அது. கதை கதையாகவே இருக்கட்டும். நிலவியலை முன்கூட்டியே சொன்னது என்று அதன்மேல் பாரம் ஏற்ற வேண்டாம். தென் தமிழ்நாடும் இலங்கையும் அந்த 55 கோடி ஆண்டு வெப்பத்தில் ஒன்றாக வெந்தவை என்பது தனியே, சிர்க்கானையும் மோனசைட் என்ற கனிமத்தையும் அளந்து நிறுவப்பட்ட செய்தி. பக்தரும் மாணவரும் ஒருவராகவே இருக்கும் ஊர் இது. இரண்டையும் தனித்தனியே சொன்னால் அவருக்கு எந்தக் குழப்பமும் வராது. 380 கோடி என்ற எண்தான் குழப்புகிறது, ஏனெனில் அது அளவீட்டின் உடையில் வருகிறது.

பாறை எப்படி உருவாகிறது என்ற பழைய வழக்கின் ஒரு பகுதி நம் மண்ணில் நடந்தது. கிரானைட் உட்பட எல்லாம் ஆதிக்கடலில் படிந்தவை என்றார் ஜெர்மனியின் வெர்னர். உருகிய குழம்பு உள்ளே புகுந்து இறுகியது என்றார் ஸ்காட்லாந்தின் ஹட்டன். அந்த வழக்கில் ஹட்டன் வென்று பல பத்தாண்டுகள் ஆன பிறகு, சென்னைப் பரங்கிமலையின் கரும்பச்சைக் கல்லை வைத்து இன்னொரு வழக்கு தொடங்கியது. கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறை இந்தக் கல்லால் ஆனது என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து இதற்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார், குழம்பிலிருந்து நேரே இறுகிய பாறை என்று 1900இல் விரிவாக எழுதினார். 1960இல் நிலவியலாளர் சி.எஸ். பிச்சமுத்து கர்நாடகத்தின் கப்பால்துர்காவில் சாம்பல் நிற நைஸ் திட்டுத் திட்டாகச் சார்னோகைட்டாக மாறிக்கொண்டிருந்த நிலையிலேயே உறைந்து கிடப்பதைக் காட்டினார். ஒரே கைமாதிரியின் ஒரு பாதி நைஸ், மறுபாதி சார்னோகைட். இப்போது இரண்டு வழியும் உண்டு என்பது பொதுக்கருத்து, எந்தக் குன்றுக்கு எந்த வழி என்பதைக் களத்தில் போய்த்தான் தீர்க்க வேண்டும். பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் மாணவர்களை அழைத்துப் போகிறவர்கள் இந்த வழக்கைச் சொல்லாமல் கல்லின் பெயரை மட்டும் எழுதவைத்துத் திரும்புவது பெரிய இழப்பு.

திருச்சியின் பெயர் உலக நிலவியலில் நிலைத்தது மலைக்கோட்டையால் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துக் கிரிட்டேசியப் படிவுகளை நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு 1850களின் இறுதியில் நடந்து நடந்து வரைபடமாக்கி, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அவர் அறிக்கை வந்தது 1862இல், கெல்வின் பூமிக்கு வரம்பு கட்டிய அதே ஆண்டில். பிளான்ஃபோர்டிடம் கதிரியக்கக் கடிகாரம் இல்லை. எந்தச் சிப்பி எந்த அடுக்கில் வருகிறது, எது எதன்மேல் கிடக்கிறது என்பதை மட்டும் வைத்து வரிசையைக் கட்டினார். புதைபடிவ ஆய்வாளர் ஸ்டோலிச்கா அந்தப் புதைபடிவங்களை ஒவ்வொன்றாக வருணித்தார். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அந்த மூன்று பெயர்களும் நிற்கின்றன. அரியலூர் அருகே கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கையளவு கிரைஃபியா சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடப்பதைச் சுரங்க ஓரத்தில் நின்று பார்த்தவர்கள், ஆண்டுக்கணக்கு இல்லாமலே முன்பின் சொல்ல முடியும் என்பதை உணர்வார்கள்.

தமிழில் எழுதும்போது இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 3800 மில்லியன் என்பது 380 கோடி. அவசரத்தில் 3800 கோடி என்று எழுதினால் பாறை பூமியைவிட எட்டு மடங்கும் பிரபஞ்சத்தைவிட இரண்டரை மடங்குக்கு மேலும் பழையதாகிவிடும். நம் இதழில் இனி எல்லா வயதும் கோடியில், கனிமம், முறை, மாதிரி எடுத்த இடம், பிழை வரம்பு நான்கும் சேர்ந்தே வரும். மலைக்கோட்டை பற்றி எழுதுவோரும் பேசுவோரும் இப்போதைக்கு இப்படிச் சொல்லலாம்: "இது நைஸ் வகைப் பாறை. இதைச் சூழ்ந்த தென்னிந்தியப் பாறைத் தொகுதியில் மூலப்பாறைகள் 250 கோடி ஆண்டை ஒட்டி உருவானவை, 55 கோடி ஆண்டுக்கு முன் ஆழத்தில் மீண்டும் வெந்தவை. குன்றின் இன்றைய வடிவம் அரிப்பின் வேலை." சுற்றுலாப் பயணிக்கு இது 380 கோடியைவிடச் சுவையாகவே இருக்கும்.

அளக்க வேண்டுமென்றால் பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் சுத்தியல் படவே தேவையில்லை. திருச்சியின் தில்லை நகரிலும் உறையூரிலும் புதிய அடுக்குமாடிக்கு ஆழ்துளைக் கிணறு போடும்போது, திருச்செங்கோட்டுத் துளையிடும் வண்டி மண்ணைத் தாண்டிக் கேசிங் இறக்கி முடித்ததும் சாம்பல் நிறக் கற்பொடி பீறிட்டு வரும். நகரின் அடித்தளப் பாறை அது. வீட்டு உரிமையாளரிடம் கேட்டு இரண்டு பை அள்ளி, எந்த அடியில் வந்தது என்று பையின்மேல் எழுதி வாங்கிக்கொண்டால் போதும். சிர்க்கான் சிறியது, துளைக்கருவியின் அடிக்குப் பெரும்பாலும் தப்பிவிடும். கழுவி, அரித்து, காந்தத்தில் பிரித்து, நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் பொறுக்கி எடுக்கும் வேலையை நேஷனல் கல்லூரி நிலவியல் துறை போன்ற இடங்களில் முதுகலை மாணவர்களே ஒரு பருவத்துக்குள் செய்து முடிக்கலாம். ஐசோடோப் அளவீட்டுக்கு மட்டும் வெளியே அனுப்ப வேண்டியிருக்கும். பொடி எடுத்த தெரு, ஆழம், தேதி ஆகியவற்றோடு முதலில் வரும் முடிவு எந்த எண்ணாக இருந்தாலும், அதற்கு இந்த இதழில் முதல் பக்கம் ஒதுக்கப்படும்.